முந்தியும் பிந்தியும் வரும் கோள்

கெப்ளர்-88 என்ற விண்மீனை ‘பி’ என்ற கோள் ஏறத்தாழ 11 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அது குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி ஆயிரத்தில் ஓரிரு பங்கு மங்கி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பும். இதுதான் கடப்பு. 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கி, சுமார் அரை மணிக்கு ஒருமுறை ஒளியை அளந்து இத்தகைய மங்கல்களைப் பிடித்தது.

கோள் ஒன்றே ஒன்று என்றால், அடுத்த நூறு கடப்புகளுக்கும் இப்போதே பஞ்சாங்கம் கணித்துவிடலாம். ‘பி’ அதற்குக் கட்டுப்படவில்லை. சில மாதங்கள் முந்தியது, சில மாதங்கள் பிந்தியது. பிசகு 12 மணி நேரம் வரை போனது. வேறு கோள்களில் ஐந்து நிமிடம் பிசகினாலே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார்கள்! இதற்குக் ‘கடப்பு மாற்றங்களின் ராஜா’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

பிசகுக்குக் காரணம், நம் பார்வைக் கோட்டில் குறுக்கிடாத இன்னொரு கோள். ‘சி’ என்ற அது 22 நாளுக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு வெளிவட்டத்தில் சுற்றுகிறது. ‘பி’ இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் ‘சி’ கிட்டத்தட்ட ஒரு சுற்று. அதனால் இரண்டும் நெருங்கும் இடம் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஒவ்வொரு நெருக்கத்திலும் ‘சி’யின் ஈர்ப்பு ‘பி’யின் சுற்றுக்காலத்தை இம்மியளவு மாற்றும். இடம் மாறி மாறி அமைந்திருந்தால் ஒரு முறை கூடியது மறுமுறை கழிந்திருக்கும். இங்கே ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. நெருங்கும் இடமும் மெல்ல நகர்வதால், பல மாதங்களில் போக்கு தலைகீழாகும்.

இந்தப் பிசகிலிருந்தே ‘சி’யின் எடையைக் கணக்கிடலாம் என்பதுதான் இம்முறையின் பெரிய லாபம். மங்கல் கோளின் பருமனை மட்டுமே காட்டும். பஞ்சா பாறையா என்று சொல்லாது. வானியலாளர் டேவிட் நெஸ்வோர்னியின் குழு 2013இல் போட்ட கணக்கில், ‘சி’யின் எடை வியாழனில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. பிறகு பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகம், விண்மீனின் தள்ளாட்டத்தை நிறமாலையில் அளந்து ‘சி’ இருப்பதை உறுதிசெய்தது. யுரேனஸின் தடுமாற்றத்தை வைத்து வானியலாளர் லெவெரியே கணித்த இடத்தருகே, 1846இல் இன்னொரு வானியலாளரான காலே நெப்டியூனைக் கண்ட கதையும் இதே வம்சம்தான்.

ஆனால் 2020இல் ஹவாயின் கெக் தொலைநோக்கி அளவீடுகளிலிருந்து மூன்றாவது கோள் ஒன்று வெளிப்பட்டது. எடை மூன்று வியாழன். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு. அவ்வளவு பெரியதாக இருந்தும் தொலைவில் இருப்பதால், 2013 கணக்கில் அது சிக்கவே இல்லை.