யாரோடும் பொருந்தும் கதவு

1975 ஜூலை 19. பூமியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் இரண்டாவது முறையாகப் பூட்டிக்கொள்ள நெருங்கின. இரண்டு நாள் முன்பு நடந்த முதல் இணைப்பைத்தான் உலகம் தொலைக்காட்சியில் பார்த்தது. இரு கலங்களின் தலைவர்களான லியோனவும் ஸ்டாஃபர்டும் கதவைத் திறந்து கைகுலுக்கிய படத்தைப் பத்திரிகைகளும் போட்டுத் தீர்த்தன. ஆனால் பொறியாளர்களின் கண் இந்த இரண்டாவது இணைப்பின்மேல்தான். முதல் தடவை அப்பல்லோவின் இணைப்பு வளையம் நீண்டு சோயுஸைப் பிடித்தது. இந்தத் தடவை வேலை சோயுஸின் வளையத்துக்கு. அப்பல்லோ சும்மா இருந்தால் போதும்.

அது சும்மா இருக்கவில்லை. பிடி விழுந்த சற்று நேரத்தில், அப்பல்லோவை ஓட்டிக்கொண்டிருந்த டீக் ஸ்லேட்டனின் கைபட்டுப் பக்கவாட்டு உந்திகள் இயங்கிவிட்டன. இன்னும் இறுகப் பூட்டாத நிலையில் இரண்டு கலங்களும் இணைந்த இடத்தில் வளைந்து ஆடின. ரஷ்யத் தரப்புக்கு வயிற்றில் புளி கரைந்தது. இணைப்புப் பொறி தாங்கியது. ஆட்டத்தை மெல்ல அடக்கி, கலங்களை நேராக்கி, இழுத்துப் பூட்டியது.

அந்தப் பொறியின் சோவியத் பாதியை வடிவமைத்தவர் விளாதிமிர் சிரோமியாத்னிகவ். 1933இல் ஆர்க்காங்கெல்ஸ்கில் பிறந்தவர். மாஸ்கோவின் பாவ்மன் கல்லூரியில் படித்து முடித்து, 1956இல் ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரலியோவின் நிறுவனத்தில் சேர்ந்தார். 2006இல் இறக்கும்வரை அவர் கவனம் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தது: விண்ணில் இரண்டு கலங்கள் எப்படிச் சேர்வது, சேர்ந்தபின் எப்படிப் பிரிவது. ராக்கெட் கட்டியவர்களுக்கும் விண்ணில் பறந்தவர்களுக்கும் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. பூட்டும் கொக்கியும் செய்பவர்களின் தலையெழுத்து அப்படி.

தொடக்க கால இணைப்புப் பொறிகள் எல்லாம் பிளக்கும் சாக்கெட்டும் மாதிரி. ஒரு கலத்தின் மூக்கில் நீண்ட தண்டு, மற்றதில் கூம்பு வடிவக் குழி. தண்டின் நுனி குழியின் சரிவில் சறுக்கி அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு தண்டை உள்ளே இழுத்தால் இரண்டு கலங்களும் நெருங்கும். சோயுஸ் இன்றும் இப்படித்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் போய்ச் சேர்கிறது. எளிமையானது, எடை குறைவு, நம்பகமானது. குறை ஒன்றே ஒன்று: தண்டு உள்ள இரண்டு கலங்கள் எதிரெதிரே வந்தால் எதுவும் நடக்காது. ஒன்றில் பழுது, உள்ளே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்றாலும், காப்பாற்ற வந்த கலம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இணைப்பு எவ்வளவு ஆபத்தான வேலை என்று இரு நாடுகளுக்கும் முன்பே தெரியும். 1966 மார்ச்சில் நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி-8இல் போய் ஆளில்லா அஜீனா கலத்தோடு இணைந்தார்கள்; உலகின் முதல் இணைப்பு அது. கொஞ்ச நேரத்தில் ஜெமினியின் உந்தி ஒன்று அணையாமல் மாட்டிக்கொள்ள, கலம் பம்பரமாகச் சுழன்றது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். 1969 ஜனவரியில் சோயுஸ்-4, சோயுஸ்-5 இணைந்தபோது இடையில் உள்வழியே இல்லை. யெலிசேயவும் குருனவும் விண்வெளி உடையில் வெளியே இறங்கித்தான் அடுத்த கலத்துக்கு மாறினார்கள்.

சிரோமியாத்னிகவின் குழுவுக்குப் பெரிய அடி 1971 ஏப்ரலில் விழுந்தது. உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூத்-1க்கு மூன்று பேருடன் போனது சோயுஸ்-10. தண்டு குழியில் மாட்டியது. ஆனால் முழுக்க இழுத்துப் பூட்ட முடியவில்லை. 9 சென்டிமீட்டர் இடைவெளி அப்படியே நின்றது. பிடி விழுந்தபின் கலம் ஆடிய ஆட்டத்தில் அதிர்ச்சியை வாங்கும் பகுதி சேதமாகியிருந்தது. ஐந்து மணி நேரத்துக்கும் மேல் அரைகுறையாகத் தொங்கிக் கொண்டிருந்து, நிலையத்துக்குள் காலெடுத்து வைக்காமலே மூவரும் பூமிக்கு வந்தார்கள். பொறியை வலுப்படுத்தினார்கள், ஜூனில் சோயுஸ்-11 சிக்கலின்றி இணைந்தது. அந்தக் குழு இறந்தது வேறொரு பாகத்தின் கோளாறால். திரும்பும் வழியில் கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது, காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் சிறு வால்வு திறக்கக்கூடாத உயரத்தில் திறந்துகொண்டது. அழுத்த உடை அணிந்திராத மூன்று பேரும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு அழுத்த உடை இல்லாமல் சோயுஸ் ஏறுவதில்லை.

வல்லரசுகள் விண்ணில் கைகோக்கும் பேச்சுக்கும் உயிர்காப்பே வித்திட்டது. 1970இல் அமெரிக்க அறிவியல் கழகத் தலைவர் ஃபிலிப் ஹேண்ட்லர் மாஸ்கோ போயிருந்தார். பூமிக்குத் திரும்ப முடியாமல் சுற்றுப்பாதையில் தவிக்கும் அமெரிக்க வீரர்களுக்கு சோவியத் கலம் ஒன்று உதவிக்கு வருவதாக அப்போது ஹாலிவுட்டில் ஒரு படம் வந்திருந்தது. அதை அவர் தம்மைச் சந்தித்த விஞ்ஞானிகளிடம் எடுத்துச் சொன்னார். மசாலாப் படம் தூதரக வேலை பார்த்த அபூர்வ சம்பவம். 1972 மே மாதம் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் இரு நாட்டுக் கலங்களை விண்ணில் இணைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

கையெழுத்து சுலபம். யார் தண்டு, யார் குழி?

பனிப்போர்க் காலத்தில் இந்தக் கேள்விக்கு இருந்த அரசியல் வாடையைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பொறியாளர்களின் கவலை வேறு. எந்தக் கலமும் எந்தக் கலத்தையும் காப்பாற்றவேண்டுமென்றால் இரண்டு முகமும் ஒன்றுபோல இருக்கவேண்டும். தேவைக்கேற்ப எதுவும் பிடிக்கலாம், எதுவும் பிடிபடலாம். நாசாவின் கால்டுவெல் ஜான்சனும் சிரோமியாத்னிகவும் மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்து இதைத் தீட்டினார்கள். நான்கு வழிகாட்டி இதழ்கள் வேண்டுமென்றது அமெரிக்க யோசனை. மூன்றில் முடிந்தது. கலங்கள் தொட்டுக்கொள்ளும் முகம் மட்டும் இருவருக்கும் பொது. அதற்குப் பின்னால் இருப்பது அவரவர் விருப்பம். அமெரிக்கர்கள் அதிர்வை அடக்க எண்ணெய் நிரம்பிய ஹைட்ராலிக் தாங்கிகளை வைத்தார்கள். சிரோமியாத்னிகவ் பல்சக்கரமும் மின்பிரேக்கும் கொண்ட மின்இயந்திர அமைப்பை நம்பினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வயிறுகள், ஒரே முகம். 1972 டிசம்பரில், அசல் அளவில் ஐந்தில் இரண்டு பங்குள்ள மாதிரிகளை மாஸ்கோவில் மோதவிட்டுப் பார்த்தார்கள், பொருந்தின.

ரஷ்யப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இந்தப் பொறியை அபாஸ் என்பார்கள். வேலை செய்யும் விதம் இது. கதவைச் சுற்றி ஒரு வளையம். அதன் விளிம்பில் மூன்று இதழ்கள். பிடிக்கும் பக்கத்து வளையம் முன்னால் நீண்டு நிற்கும். கலங்கள் நெருங்கும்போது ஒன்றின் இதழ்கள் மற்றதன் இதழ்களுக்கிடையே சறுக்கி நுழைவதால், கொஞ்சம் சாய்ந்தோ திரும்பியோ வந்தாலும் தானாக நேராகும். சிறு தாழ்கள் சொடுக்கிப் பிடிக்கும். ஆட்டம் அடங்கியபின், வளையம் பின்னால் இழுக்கப்படும். அப்போது இரண்டு முகத்தின் ரப்பர் வளையங்கள் ஒன்றையொன்று அழுத்தும். ரப்பரோடு ரப்பர் மோதுவது இதன் சிறப்பு. இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் வேறு வழியும் இல்லை. கடைசியில் சுற்றிலும் உள்ள கொக்கிகள் பூட்டும். அதன் பிறகே கதவைத் திறப்பார்கள்.

பூட்டுவதைவிடப் பிரிவது முக்கியம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கும் அதில் உடன்பாடுதான். கொக்கி திறக்காமல் அடம்பிடித்தால், திரும்புவதற்கான கலமே சிறையாகிவிடும். அதனால் கொக்கிகளில் வெடிபோல்ட்டுகள் வைத்தார்கள். மோட்டார் கைவிட்டால் சிறு வெடியால் கொக்கியை அறுக்கலாம். பின்னாளில் அமெரிக்க விண்ணோடங்கள் இந்தப் பொறியை எடுத்துக்கொண்டபோது, வெடியும் தோற்றுவிட்டால் என்ன என்றும் யோசித்தார்கள். வீரர்கள் வெளியே இறங்கி, பொறியை ஓடத்தோடு பிணைக்கும் 96 போல்ட்டுகளையும் கையால் கழற்றும் திட்டம் இருந்தது.

1975க்குப் பிறகு உறவு கசந்தது. அபாஸ் அலமாரிக்குப் போனது. சோவியத் தன் விண்ணோடமான புரானைக் கட்டத் தொடங்கியபோது, மீர் நிலையத்தில் அதை நிறுத்துவதற்காக சிரோமியாத்னிகவ் அபாஸைத் திருத்தி அமைத்தார். வெளிப்பக்கம் விரிந்த இதழ்களை உட்பக்கமாகத் திருப்பினார், அளவும் சிறுத்தது. புரான் 1988 நவம்பர் 15 அன்று ஒரே ஒருமுறை, அதுவும் ஆளில்லாமல் பறந்தது. அடுத்து சோவியத்தே இல்லாமல் போனது. மீரின் கிரிஸ்தால் பகுதியில் பொருத்திய கதவு மட்டும் விருந்தாளிக்காகக் காத்திருந்தது. வந்தது யார் தெரியுமா? 1995 ஜூன் 29 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிஸ். போட்டி ஓடத்துக்கென வடித்த கதவில் எதிராளியின் ஓடம் வந்து நின்றது; இரண்டும் சேர்ந்து சுமார் 225 டன். மொத்தம் ஒன்பது முறை அமெரிக்க ஓடங்கள் மீரில் பூட்டிக்கொண்டன. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அவை போனதும் இதே குடும்பத்துப் பொறியால்தான்.

இடையில் சிரோமியாத்னிகவ் சூரிய ஒளியை இரவு நகரங்களின்மேல் திருப்பிவிட நினைத்தது தனிக் கதை. 1993 பிப்ரவரியில் ஒரு புரோகிரஸ் சரக்குக் கலத்திலிருந்து 20 மீட்டர் அகலக் கண்ணாடித் தகட்டை விரித்தும் காட்டினார். 1999இல் பெரிய தகடு ஆண்டெனாவில் சிக்கிக் கிழிந்தது. கண்ணாடி நிலைக்கவில்லை, கதவு நிலைத்தது.

2010 அக்டோபரில் விண்வெளி நிலையக் கூட்டாளி நாடுகள் இணைப்புக்கான பொதுத் தரத்தை வெளியிட்டன. மூன்று இதழ், இரு பக்கமும் ஒரே முகம், உட்பக்கம் சாய்ந்த வழிகாட்டி எல்லாம் அபாஸின் சாயல். ஸ்பேஸ்எக்ஸின் டிராகனும் போயிங்கின் ஸ்டார்லைனரும் இதைப் பின்பற்றுகின்றன. அவை வந்து ஒட்டும் இணைப்பானே நிலையத்தில் பழைய அபாஸ் முகத்தின்மேல்தான் பூட்டப்பட்டிருக்கிறது. சீனாவின் ஷென்சோ 2011 நவம்பரில் தியாங்கோங்-1 நிலையத்துடன் இணைந்ததும் இதே வம்சத்துப் பொறியால்.

பொதுத் தரத்தின் பலனை 2024இல் எல்லோரும் பார்த்தோம். நாசா வீரர்கள் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஜூனில் ஸ்டார்லைனரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள். ஹீலியம் கசிவு, உந்திக் கோளாறு என்று கலத்தின்மேல் சந்தேகம் விழ, செப்டம்பர் 6 அன்று அது ஆளில்லாமல் திரும்பியது. அது விட்டுப்போன அதே முன்வாசலில், மூன்று வாரம் கழித்து இரண்டு இருக்கை காலியாக டிராகன் வந்து நின்றது. வேறு நிறுவனத்தின் கலம், ஆனால் அதே கொக்கி. 2025 மார்ச் 18 அன்று இருவரும் அதில்தான் பூமி தொட்டார்கள்.

இந்தியா இந்த வித்தையைக் கற்றது அதற்கு இரண்டு மாதம் முன்பு. 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த, இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ, 2025 ஜனவரி 16 அன்று இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடு. கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வாரம் அது. நம் பொறியும் இரு பக்கமும் ஒரே முகம் கொண்டதுதான். வினாடிக்கு 10 மில்லிமீட்டர் என்ற ஆமை வேகத்தில் நெருங்கிப் பிடிக்கிறது. உலகத் தரத்துப் பொறி 800 மில்லிமீட்டர், 24 மோட்டார். இஸ்ரோவினது 450 மில்லிமீட்டர், இரண்டே மோட்டார். சிக்கனத்தில் மெச்சத்தக்க வேலை. ஆனால் இதன் வழியே ஆள் நுழைய முடியாது. 2035இல் எழவேண்டிய இந்திய விண்வெளி நிலையத்துக்கு மனிதர் நடமாடும் வாசல் தேவை. அந்த வாசலின் வளையத்தைப் பொதுத் தரத்துக்கு அமைத்தால், அவசரத்தில் வேறு நாட்டுக் கலமும் வந்து ஒட்டலாம். நம் கலமும் வேறொருவர் வாசலில் போய் நிற்கலாம். அமைக்காவிட்டால், அங்கே போய்ச்சேர இஸ்ரோவின் சொந்தக் கலங்களை விட்டால் வேறு வழியில்லை.