உங்களுக்குத் தெரியுமா? கோடையில் பீர் காய்ச்சத் தடை!

1553இல் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை விதித்தார். கோடைப் பீர் கெட்டுப்போனதே காரணம். வெப்பமானி இல்லாத காலத்திலும், சூடுதான் சிக்கல் என்பது சரியாகவே பிடிபட்டிருக்கிறது. இன்று வீட்டில் பீர் தயாரிப்போர் கவனிக்க வேண்டியது அறைச் சூட்டை அல்ல, கலனுக்குள் இருக்கும் திரவத்தின் சூட்டை. சர்க்கரையைத் தின்னும் ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளிவிடுவதால், முதல் சில நாட்களில் உள்ளே பல டிகிரி ஏறிவிடும். ஏல் வகைப் பீருக்கான சாதாரண ஈஸ்ட் அப்போது கரைப்பான் நெடியடிக்கும் ஃபியூசல் ஆல்கஹாலைக் கூடுதலாக உண்டாக்கும்.

நார்வேயின் க்வைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் நல்ல பீர் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறதுதான். ஆனால் அது பண்ணைவீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சூட்டிலேயே பழகிய இனம். கடையில் வாங்கும் மற்ற பெரும்பாலான ஈஸ்ட்டுகளிடம் அதை எதிர்பார்ப்பது பேராசை. அவற்றுக்குக் கலனைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, ஈரத்துணி சுற்றுவதே மலிவான வழி.