நகையும் நகையும்

தமிழில் 'நகை' என்னுஞ் சொல் சிரிப்பையுங் குறிக்கும், ஆபரணத்தையுங் குறிக்கும். இவ்விரண்டும் ஒரு துண்டு அட்டையிற் கூடி விலைப்பட்ட காலமொன்று உண்டு. அது 20-ம் நூற்றாண்டின் தொடக்கம், அவ்வட்டை படக்கார்டு. காதல், பணம், ஆபரணம் என்பவற்றைக் கொண்டு அக்கார்டுகள் விளைத்த சிரிப்பு எத்தகையது, நம் புதுவைக்கு அதிற் கிடைத்த பங்கு யாது என்பதனைச் சிறிது ஆராய்வோம்.

தபால் கார்டு 1869-ல் ஆஸ்திரியாவிற் பிறந்தது. பிரான்சு 1873-லும், பிரிட்டிஷ் இந்தியா 1879-லும் அதனை மேற்கொண்டன. படம் அச்சிட்ட கார்டு பின்னரே பரவிற்று. பிரான்சில் 1903-ன் இறுதிவரை கார்டின் ஒருபுறம் முழுதும் விலாசத்திற்கே உரியது. ஆதலின் எழுதுவோர் படத்தின் ஓரத்திலேயே செய்தியை நெருக்கி எழுதினர். ஐந்து சொற்களுக்கு மிகாத வாழ்த்தாயின் தபாற்கூலி 10 சாந்தீமுக்குப் பதில் 5 சாந்தீமே. இவ்விதி காதலர்க்குப் பேருதவியாயிற்று. எழுதக் கூசியதைப் படஞ் சொல்லிற்று. தபால்தலையைச் சாய்த்து ஒட்டுங் கோணத்திற்கும் ஒரு பொருள் கற்பித்துக்கொண்டனர். சிக்கனமுங் காதலும் இவ்வளவு ஒற்றுமையாய் வாழ்ந்ததை வேறிடத்துக் காண்டல் அரிது!

நான்ஸி நகரத்து அல்பேர் பெர்ழெரே முதலிய அச்சகத்தார் இத்தகைய கார்டுகளை ஏராளமாக வெளியிட்டனர். வேடிக்கைக் கார்டுகள் பலவும் ஐந்தாறு சேர்ந்த வரிசையாக வரும்; நாளுக்கொன்றாக அனுப்பலாம். கதை ஏறக்குறைய ஒன்றே. இளைஞன் பூங்கொத்தோடு மண்டியிடுவான். நங்கை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பின்னர் மோதிரப்பெட்டி திறக்கும்; திரும்பிய முகம் மீண்டுந் திரும்பும். வேறொன்றில் தொந்தி பெருத்த கிழவர் பணப்பையோடு உள்ளே செல்ல, ஏழைக் காதலன் வாயிலில் நிற்பான். தொல்காப்பியர் நகை பிறக்குங் காரணங்களுள் எள்ளலையும் பேதைமையையும் வேறு வேறாக வைத்தார். பிரெஞ்சுக் கார்டின் நகை பேதைமையிற் பிறந்தது. அனுப்புவோர், பெறுவோர், படத்திலுள்ளோர் யாவரும் ஓரினத்தார். தம் குறையைக் கண்டு தாமே நகைத்தனர். இதில் தீங்கு சிறிதே.

நம் பக்கத்துக் கார்டுகளின் நிலை அஃதன்று. சென்னை ஹிக்கின்பாதம் கம்பெனியார் துரைமாரையும் அவர்தம் ஊழியரையும் நகைப்புக்குரிய காட்சிகளாகப் புனைந்து 'மாஸ்டர்' வரிசையை வெளியிட்டனர். புதுவைக் கார்டிலோ வேடிக்கைக் காட்சியே இல்லை. ஆடல்மகள் ஒருத்தி அசையாது நிற்பாள். தலையில் ராக்கொடியும் சடைநாகமும், நெற்றியிற் சுட்டி, மூக்கிற் புல்லாக்கு, கழுத்தில் அட்டிகையும் காசுமாலையும், இடையில் ஒட்டியாணம். அடியில் 'பயதேர்' என ஒரே சொல். போர்த்துக்கேசியர் 'ஆடுபவள்' என்று வழங்கிய சொல்லே பிரெஞ்சில் இவ்வுருப் பெற்றது. அவள் பெயர் இராது.

படத்திலில்லாத சிரிப்பை அதனைக் காண்போரே கொண்டுவந்தனர். மோதிரப்பெட்டிக் கதையிற் பழகிய கண்ணுக்கு, இத்துணைப் பொன் பூண்டவள் எவனோ ஒரு செல்வனை மயக்கிப் பெற்றவளாகவே தோன்றுவாள். இஃது எள்ளல். உண்மையை அறிய நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தாற் போதும். நம்நாட்டிற் பெண்ணின் நகை அவளது சேமநிதி. மழை பொய்த்த ஆண்டில் அடகுக்கடை சென்று அரிசியாகத் திரும்புவது. ஆடல்மகளிர்க்கு அது தொழிற்கருவியுமாம். புரவலர் அளித்ததும் உண்டு. ஆட்டத்திற்குச் சன்மானமாகப் பெற்றதும் உண்டு. தாயிடமிருந்து வந்ததும் உண்டு. அவர்களிடையே சொத்து பெண்வழியே இறங்கும் வழக்கம் இருந்தது. அக்காலத்துப் பிறகுலப் பெண்டிர்க்கு இவ்வுரிமை எளிதிற் கிட்டியதன்று. அதனை ஐந்து சொல்லில் எழுத இயலாதுதான். ஆயினும் முழுக்கூலி கொடுத்தவரும் எழுதினாரல்லர் போலும்.

இத்தனைக்கும் பிரெஞ்சு மக்கள் இவ்வாடல்மகளிரை முன்பே பெயரறிந்து போற்றியவர். 1838-ல் கடலூரை அடுத்த திருவந்திபுரத்து ஆடல்மகளிர் சிலர், புதுவையில் ஒப்பந்தஞ் செய்துகொண்டு கப்பலேறிப் பாரிஸ் நகரஞ் சென்று, வாரியெத்தே நாடகசாலையில் ஆடினர். அவர்கள் பெயர்கள் பத்திரிகைகளில் வந்தன. அமனி என்பவளைப் புகழ்ந்து தெயோஃபில் கோத்தியே எழுதினார். பார் என்னுஞ் சிற்பி அவளுருவை வெண்கலத்தில் வார்த்தார். அச்சிலைக்குப் பெயரும் அமனி என்பதே.