இரும்பு திடீர்னு உடையுமா? உள்ளே நடந்ததைக் காட்டிக் கொடுக்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்

ஆவடி - பூந்தமல்லி சாலையில் பாரிவாக்கத்தைக் கடந்து போகும் ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். பள்ளம் வந்தால் வளையும், அடுத்த நொடியே நிமிரும். லட்சக்கணக்கான தடவை இப்படித் தாங்கும். பிறகு ஒருநாள், பெரிய பாரம் எதுவும் இல்லாத நேரத்தில்கூட, முறிந்துவிடும்.

பக்கத்தில் உள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டை பட்டறைகளிலும் இதே கதைதான். ஒரு ஷாஃப்ட் உடைந்தால் உடனே பஞ்சாயத்து கிளம்பும். "மெட்டீரியல் சரியில்லை" என்பார் ஒருவர். "ஓவர்லோடு கொடுத்துட்டாங்க" என்பார் இன்னொருவர். பல நேரங்களில் மெஷினில் நின்ற தொழிலாளி மீதுதான் பழி விழும்.

யார் சொல்வது சரி? இதற்கான பதில் உடைந்த துண்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதைப் படிக்க உதவுவதுதான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்.

கம்பி வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது?

இரும்பு, அலுமினியம், செம்பு எல்லாவற்றிலும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிசையை இன்னொன்றின் மேல் மொத்தமாக நகர்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். கணக்கில் வந்த வலிமை, நிஜ உலோகத்தின் வலிமையைவிடப் பல நூறு, சில சமயம் பல ஆயிரம் மடங்கு அதிகமாக இருந்தது. அப்படியானால் உலோகம் ஏன் இவ்வளவு எளிதாக வளைகிறது?

1934-ல் டெய்லர், ஓரோவான், போலன்யி என்ற மூவர் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள். அணு வரிசைகளில் ஆங்காங்கே ஒரு பிசகு இருக்கிறது என்பதே அது. இதை டிஸ்லொகேஷன் என்கிறார்கள். தமிழில் வரிசைப் பிசகு என்று சொல்லலாம்.

கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக இழுத்தால் நகராது. ஒரு ஓரத்தில் சின்ன மடிப்பை உண்டாக்கி அதை மறுமுனை வரை தள்ளிக்கொண்டே போனால், ஜமுக்காளம் சுலபமாக நகர்ந்துவிடும். உலோகத்தில் அந்த மடிப்பின் வேலையைச் செய்வது வரிசைப் பிசகு.

வளைக்க வளைக்க ஏன் கெட்டியாகிறது?

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். முதலில் சுலபமாக வளையும், பிறகு முரண்டு பிடிக்கும், கடைசியில் உடையும். வளைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பிசகுகள் பிறக்கின்றன. அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன.

நன்றாகக் காய்ச்சி ஆறவிட்ட உலோகத்தின் ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள பிசகுக் கோடுகளை எல்லாம் ஒன்றாக நீட்டினால், நீளம் 10 கிலோமீட்டர் அளவில் இருக்கலாம். அதே உலோகத்தைக் கடுமையாக அடித்து நசுக்கிய பிறகு அளந்தால் அது 10 லட்சம் கிலோமீட்டரைத் தொடும். நிலாவுக்குப் போய்த் திரும்புவதைவிட அதிக தூரம் இது!

உலைக்களத்தில் காய்ச்சினால் இந்தச் சிக்கல் பெருமளவு அவிழ்ந்து உலோகம் மறுபடி மென்மையாகிறது. கட்டுமான வேலையில் பயன்படும் கட்டுக்கம்பி கையாலேயே முறுக்க வருவது இப்படிக் காய்ச்சி ஆறவிட்டதால்தான்.

சாதாரண மைக்ரோஸ்கோப் போதாதா?

போதாது. ஒளியால் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளைப் பிரித்துப் பார்ப்பது கடினம். இரும்பில் அடுத்தடுத்த அணுக்களுக்கு இடையே இருப்பது 0.25 நானோமீட்டர்தான். எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு சிறியது. அதனால் எலக்ட்ரான் கற்றையால் மிக நுட்பமாகப் பார்க்க முடிகிறது.

1931-ல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் முதல் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை உருவாக்கினர். ருஸ்காவுக்கு 1986-ல்தான் நோபல் பரிசு கிடைத்தது. 1956-ல் கேம்பிரிட்ஜில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் மெல்லிய அலுமினியத் தகட்டை இந்தக் கருவியில் வைத்துப் பார்த்தபோது, பிசகுக் கோடுகள் ஓடுவது கண்ணெதிரே தெரிந்தது. 22 ஆண்டுகளாகக் காகிதத்தில் மட்டுமே இருந்த கணக்கு உண்மையென உறுதியானது.

இதில் இரண்டு வகை உண்டு

ஊடுருவும் வகையில் எலக்ட்ரான்கள் உலோகத்துக்குள் புகுந்து வெளியே வரும். இதற்கு மாதிரியை சுமார் 100 நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்க வேண்டும். அது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. உள்ளே இருக்கும் பிசகுகளை இதில் பார்க்கலாம்.

ஸ்கேனிங் வகையில் எலக்ட்ரான் கற்றை மேற்பரப்பை வரிவரியாகத் தடவிச் செல்லும். உடைந்த முகத்தை ஆராய இதுதான் தோது.

உடைந்த முகம் என்ன சொல்லும்?

ஒரேயடியாக அதிக பாரம் ஏறி, இழுபட்டு உடைந்திருந்தால், பணியாரச் சட்டியைப் போலக் குட்டிக் குட்டிக் குழிகள் தெரியும். நொறுங்கி உடைந்திருந்தால் கண்ணாடிச் சில்லு போன்ற தட்டையான முகங்கள் தெரியும்.

மெல்ல மெல்லக் களைத்து உடைந்திருந்தால், அலை விட்டுப்போன மணல் வரிகளைப் போல நுண்ணிய கோடுகள் அடுத்தடுத்து இருக்கும். பெரும்பாலும் ஒவ்வொரு கோடும், விரிசல் ஒரு சுமைச் சுற்றில் நகர்ந்த தூரம். கோடுகளின் இடைவெளியை அளந்தால், விரிசல் எத்தனை சுற்றுகளில் வளர்ந்தது என்று கணிக்கலாம். அது தொடங்கிய இடத்தையும் தேடிப் பிடிக்கலாம். லேத்தில் வளைவு கொடுக்காமல் விட்ட கூர்மையான மூலையா, ஆழமான கருவிக் கீறலா, வார்ப்பிலேயே சிக்கிய கசடா என்று தெரிந்துவிடும்.

அதாவது, அன்றைக்கு மெஷினில் நின்றவர் காரணமா, இல்லை பல மாதங்களுக்கு முன்பே விரிசல் விழுந்துவிட்டதா என்பதற்கு ஆதாரம் கிடைக்கிறது.

கல்பாக்கத்தில் இன்னும் பெரிய கேள்வி

பட்டறையில் ஷாஃப்ட் உடைந்தால் வேலை நிற்கும். அணு உலைக்குள் உலோகம் உருமாறினால் என்ன ஆகும்? சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எதிர்கொள்ளும் கேள்வி இது. அங்கு 1985-ல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலையில், எரிபொருளைத் தாங்கும் உருக்குக் குழாய்களை நியூட்ரான்கள் ஓயாமல் தாக்குகின்றன.

அந்தத் தாக்குதலில் அணுக்கள் இடம் விட்டு இடம் தூக்கி எறியப்படுகின்றன. வெற்றிடங்கள் ஒன்றுசேர்ந்து நுண்ணிய குழிகளாகி, உருக்கு உள்ளிருந்தே ஊதுகிறது. ஸ்காட்லாந்தின் டூன்ரே உலையில் பயன்படுத்திய துருப்பிடிக்காத உருக்கில் இப்படி நடப்பதை 1967-ல் உலகுக்குச் சொன்னதும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் எரிபொருள் குழாய்களுக்கு டைட்டானியம் சேர்த்த டி9 என்ற உருக்கு தேர்வானது. அதை வேண்டுமென்றே 20% குளிர்நிலையில் இழுத்துப் பிசகுகளைப் பெருக்கியிருக்கிறார்கள். அலையும் வெற்றிடங்களைப் பிசகுகள் பிடித்து வைத்துக்கொள்வதால், ஊதுவது தள்ளிப்போகிறது. கம்பியை உடைக்கும் அதே பிசகு, இங்கே காவலாளி!

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு பாகம் உடைந்தால் பலரும் முதலில் செய்வது இரண்டு துண்டையும் பொருத்திப் பார்ப்பதுதான். இது பெரிய தவறு. முகங்கள் உரசினால் நுண்ணிய கோடுகள் அழிந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது, விரலால் தடவவும் கூடாது. ஈரம் படாமல், துரு ஏறாமல், இரு துண்டுகளையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். எந்தப் பக்கம் சுமை இருந்தது, எப்போது மாட்டியது என்பதையும் எழுதி வையுங்கள்.

சொந்தமாக இந்தக் கருவி வாங்க சிறு தொழிற்கூடங்களால் முடியாது. ஆனால் சென்னை ஐஐடியில் உள்ள நவீன பகுப்பாய்வுக் கருவிகள் மையம் போன்ற இடங்களில், கட்டணம் செலுத்தி வெளியாட்களும் மாதிரிகளை ஆய்வுக்குக் கொடுக்கலாம்.

உடைந்த துண்டைக் காயலான் கடையில் போட்டால் கிடைப்பது கிலோ கணக்கில் கொஞ்சம் காசு. பத்திரமாக ஆய்வுக்குக் கொடுத்தால், அடுத்த பாகம் ஏன் உடையக்கூடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். தப்பு செய்யாத ஒருவர் மீது பழி விழாமலும் தடுக்கலாம்.