புகைக்குள் போகிறவர்கள்

1993 ஜனவரி 14. கொலம்பியாவின் பாஸ்தோ நகரில் கூடியிருந்த எரிமலை அறிஞர்களில் ஒரு குழு, அருகிலிருந்த காலெராஸ் மலைமேல் ஏறியது. ரஷ்ய வேதியியலாளர் இகோர் மென்யாய்லோவ் எரிமலைவாய்க்குள் இறங்கி, புகை சீறும் பாறைப் பிளவில் வாயு பிடிக்கப் போனார். குழு இன்னும் மேலே இருந்தபோதே மலை வெடித்தது. அறிஞர்கள் 6 பேர் மாண்டார்கள், வேடிக்கை பார்க்க வந்த 3 பேரும்.

அன்று வேலையே அப்படித்தான். காற்றை உறிஞ்சி எடுத்த குடுவையில் காரக் கரைசல், பிளவுக்குள் செருக ஒரு குழாய், முகமூடி. குடுவை நிறையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

எட்ட நின்று அளக்க வழியே இல்லாமலில்லை. ஆலைப் புகைபோக்கிகளுக்காகச் செய்த கருவியை 1970களிலேயே எரிமலைகளை நோக்கித் திருப்பிவிட்டார்கள். கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை விழுங்கும். எவ்வளவு விழுங்குகிறது என்பதிலிருந்து வாயுவின் அளவு தெரியும். பிலிப்பைன்ஸின் பினட்டுபோவில் 1991 மே 13 அன்று நாளொன்றுக்குச் சுமார் 500 டன். இரண்டே வாரத்தில் 5,000 டன். ஜூன் தொடக்கத்தில் அது சட்டென்று குறைந்தபோதுதான் பயம் கூடியது: வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறதோ? ஜூன் 15 அன்று வந்தது பெருவெடிப்பு.

ஆனால் கரியமில வாயுவிடம் இந்த வித்தை பலிக்காது. அது காற்றிலேயே ஏராளமாக இருப்பதால், எட்ட நின்றால் மலையுடையது எது, காற்றுடையது எது என்று பிரிப்பது கடினம். ஆழத்திலேயே பாறைக்குழம்பைவிட்டு முதலில் பிரிவதும் அதுதான். கந்தக வாயுவோடு ஒப்பிடும்போது அதன் பங்கு ஏறினால், கீழிருந்து புதுக் குழம்பு வருகிறது என்று சந்தேகிக்கலாம். அதை அளக்க யாராவது புகைக்குள்ளேயே போயாக வேண்டும்.

இன்று ட்ரோன் போகிறது. பப்புவா நியூ கினியின் மனாம் தீவு முழுக்க ஒரே எரிமலை; சரிவு செங்குத்து, ஏறி மாதிரி எடுப்பது உயிரோடு விளையாடுவது. 2019 மே மாதம் லண்டனைச் சேர்ந்த எம்மா லியூ தலைமையிலான பன்னாட்டுக் குழு, 2,000 மீட்டர் உயரத்தில், இயக்குபவரின் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு ட்ரோன்களை அனுப்பியது. அவை வாயுவை அளந்தன, பையில் பிடித்தும் வந்தன. கணக்கு: நாளொன்றுக்குச் சுமார் 3,700 டன் கரியமில வாயு.

குடுவை இன்னும் ஓய்வுபெறவில்லை. மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் வாயுக்களைப் பிடிக்க அதற்கு ஈடில்லை. எனக்குப் பெரிதாகத் தோன்றும் குறை வேறு. ட்ரோன்கள் பெரும்பாலும் ஆய்வுக் குழுவோடு வந்து குழுவோடு போய்விடுகின்றன. மனாமில் 9,000க்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். ட்ரோன்கள் அளந்துவிட்டுப் போன அடுத்த மாதமே, 2019 ஜூன் 28 அன்று, மலை வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது.