பாரசிட்டமாலும் ஒன்றரை மி.லி.யும்

சில வருடங்களுக்கு முன், நியூ ஜெர்சியில் ஒரு ராத்திரி. இரண்டு வயது மகளுக்கு ஜுரம். ஊரிலிருந்து கொண்டுவந்த சொட்டு மருந்து காலி. மருந்துக்கடையில் "பாரசிட்டமால்" என்று கேட்டால் பையன் முழித்தான். அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென். டைலனால் என்றால் சட்டென்று புரியும். இரண்டு பெயருமே பாரா-அசிட்டைல்அமினோஃபீனால் என்ற ஒரே வேதிப்பெயரை ஆளுக்கொரு மாதிரி வெட்டி ஒட்டியவைதான்.

பெயர் பரவாயில்லை, அளவுதான் வில்லங்கம். லேபிளில் போட்டபடி கப்பில் 5 மி.லி. ஊற்றினேன். "என்னங்க, நாம ஒன்றரை மி.லி. தானே குடுப்போம்?" என்றாள் மனைவி. குப்பையிலிருந்து காலி பாட்டிலை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம்மூர் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இதில் 5 மி.லி.க்கு 160, அதாவது 1 மி.லி.க்கு வெறும் 32. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது கணக்கு. மகள் 12 கிலோ, 5 மி.லி. சரிதான். ஒன்றரை மி.லி. கொடுத்திருந்தால் 48 மி.கி.தான் போயிருக்கும், ஜுரம் இறங்கியிருக்காது.

தலைகீழாக நடந்தால்தான் பயம். அதே கப்பில் நம்மூர் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. கல்லீரல் சமாச்சாரம். அமெரிக்காவிலேயே கைக்குழந்தை மருந்து 0.8 மி.லி.க்கு 80 மி.கி. என்று தனி அடர்த்தியில் விற்றது. டோஸ் தப்புகிறது என்றுதான் 2011-ல் அதையும் 5 மி.லி.க்கு 160 என்று மாற்ற ஆரம்பித்தார்கள்.

அடுத்த முறை வந்த மாமியார் பெட்டியில் மறுபடி இரண்டு பாட்டில் சொட்டு மருந்து! வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. மூடி மேல் மார்க்கரால் "100" என்று பெரிதாக எழுதி வைத்தேன்.