உங்களுக்குத் தெரியுமா? பிறந்தநாளும் பிரெஞ்சு விருந்தும்

பிறந்தநாள், விவாகம் போன்ற சுபதினங்களில் உற்றாரும் நண்பரும் ஒரே மேஜையைச் சூழ்ந்தமர்ந்து நிதானமாக உண்டு மகிழும் பிரெஞ்சு மக்களின் விருந்துச் சம்பிரதாயத்தை, யுனெஸ்கோ ஸ்தாபனம் 2010-ஆம் ஆண்டில் மானிட குலத்தின் கலாசாரப் பொக்கிஷங்களுள் ஒன்றாக அங்கீகரித்தது. பசியைத் தூண்டும் பானத்தில் ஆரம்பித்து, முன்னுணவு, காய்கறிகளுடன் மீனோ மாமிசமோ, பாலாடைக்கட்டி, இனிப்பு என்று குறைந்தபட்சம் நான்கு சுற்றுகளாகப் பரிமாறி, இறுதியில் இனிய மதுவகையொன்றுடன் பூர்த்தி செய்வது அவ்விருந்தின் கிரமம்.

பாரிஸில் ஸேன் நதிக்கரையிலுள்ள புராதனமான ‘லா தூர் தார்ஜான்’ உணவகத்திலோ, 1890 முதல் பரிமாறப்படும் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண் இட்டு, அவ்வெண் பொறித்த அட்டையை விருந்தினருக்கு ஞாபகார்த்தமாக வழங்கும் வழக்கம் உண்டு. அவ்வெண்ணிக்கை 2003-ஆம் ஆண்டில் 10 லட்சத்தை எட்டியது.